71 வாக்கில் மாறிய தீவு: லட்சத்தீவுத் தொகுதியின் கதை

2004 மே மாதம் லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் வாக்கு எண்ணி முடித்தபோது ஐக்கிய ஜனதா தளத்தின் பி. பூக்குஞ்ஞிக் கோயா 15,597 வாக்கு பெற்றிருந்தார். காங்கிரஸின் பி.எம். சயீத் 15,526. வித்தியாசம் 71. சயீத் அதற்கு முன் தொடர்ச்சியாகப் பத்துத் தேர்தல் வென்றவர், மக்களவையின் துணை சபாநாயகராக இருந்தவர். 37 ஆண்டு யாரும் அசைக்க முடியாத ஆளை, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும் அளவு ஆட்கள் இடம் மாறியதில் வீழ்த்திவிட்டார்கள்.

71-ஐச் சின்ன எண் என்று நாம் சொல்லலாம். லட்சத்தீவில் அது அவ்வளவு சின்னதில்லை. அங்கே பித்ரா என்று ஒரு தீவு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தமே 271 பேர். தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சி வார்டு கவுன்சிலரே இதைவிட அதிக ஆட்களைச் சமாளிக்கிறார்.

அரபிக் கடலில், கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கின்றன இந்தத் தீவுகள். மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் ஆள் வாழ்வது பத்தில்தான்: கவரத்தி, ஆந்த்ரோத், மினிக்காய், அமினி, அகத்தி, கடமத், கல்பேனி, கில்தான், செத்லத், பித்ரா. 2011-ல் பத்துக்கும் சேர்த்து 64,473 பேர். இதில் கவரத்தி, ஆந்த்ரோத், மினிக்காய் மூன்றிலும் தலா பத்தாயிரத்துக்கு மேல். அதாவது பாதிப் பேர் மூன்று தீவுகளில். ஓட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் எங்கே கண் வைப்பார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டின் மிகச் சிறிய மக்களவைத் தொகுதி இதுதான். 2014-ல் 50 ஆயிரத்தைத் தொடவில்லை. 2024-ல் 57 ஆயிரத்துச் சொச்சம். அதே 2024-ல் தெலங்கானாவின் மல்காஜ்கிரித் தொகுதியில் 37 லட்சத்துக்கும் மேல். அங்கே அறுபதுக்கும் அதிகமானவர்கள் சேர்ந்து போடும் ஓட்டுக்கு இங்கே ஒரே ஓட்டு சமம். சோழிங்கநல்லூர் மாதிரி ஒரு சட்டமன்றத் தொகுதிக்குள் லட்சத்தீவைப் பத்து முறை போட்டு மூடலாம்.

இது நியாயமா என்று கேட்டால், சட்டம் வேறு விதமாக யோசித்திருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் என்ற அரசமைப்பு விதி மாநிலங்களுக்கானது. யூனியன் பிரதேசங்களுக்கு எத்தனை இடம், எப்படி என்பதை நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் முடிவு செய்துகொள்ளலாம். ஒரு பிரதேசம் இருக்கிறதென்றால் அதற்கு ஒரு குரலாவது வேண்டும், அதற்குக் கீழே குறைக்க முடியாது. லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் இல்லை, மாநிலங்களவையில் இடம் இல்லை. ஊராட்சி அமைப்புகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஒரே ஆள் இந்த எம்.பி.தான். மற்ற எல்லாம் மத்திய அரசு நியமிக்கும் நிர்வாகியின் கையில்.

இந்த முரணை மனதில் வைத்துக்கொண்டால்தான் தொகுதியின் வரலாறு புரியும். ஓட்டின் எடையில் இந்தியாவிலேயே கனமான தொகுதி. ஆனால் வென்றவர் கையில் தீவுக்குள் இருக்கும் அதிகாரம் ஒரு சாதாரண எம்.எல்.ஏ. அளவுக்குக்கூட இல்லை.

நியமனத்தில் தொடங்கியது

1956 வரை இந்தத் தீவுகள் நம்மோடுதான் இருந்தன. லக்கதீவு, மினிக்காய்த் தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், வடக்கே உள்ள அமினித் தீவுக் கூட்டம் தென் கன்னட மாவட்டத்திலும் சேர்ந்திருந்தன. வடக்குத் தீவுகள் திப்பு சுல்தான் கைக்குப் போய், அவருக்குப் பின் கம்பெனியிடம் வந்தவை. தெற்கில் உள்ளவை கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்திடம் நெடுநாள் இருந்தவை. அந்தப் பழைய கோடுதான் மாவட்டக் கோடாக மாறியது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் போக, தீவுகளை இரண்டு பக்கமும் கொடுக்காமல் 1956 நவம்பர் 1-ல் தனி யூனியன் பிரதேசம் ஆக்கினார்கள். லட்சத்தீவு என்ற பெயர் 1973-ல்தான் வந்தது. தலைமை அலுவலகமே 1964 வரை கோழிக்கோட்டில் இருந்தது. தீவை ஆளத் தீவில் இருக்க வேண்டும் என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை போலிருக்கிறது.

எம்.பி. மட்டும் எப்படி வருவார்? 1957-லும் 1962-லும் நாடெங்கும் ஓட்டுப் போட்டபோது தீவுக்காரர்கள் போடவில்லை. குடியரசுத் தலைவர் ஒருவரை நியமித்தார்: கே. நல்லகோயத் தங்ஙள். பத்தாண்டு அவரே தீவுகளின் பிரதிநிதி. 1965-ல் யூனியன் பிரதேசங்களுக்கு நேரடித் தேர்தல் என்று தனிச் சட்டம் வந்த பிறகு, 1967-ல்தான் முதல் வாக்குப்பெட்டி தீவுக்குப் போனது. நாட்டின் மற்ற பகுதிகள் நான்காவது பொதுத் தேர்தலைச் சந்தித்தபோது இவர்களுக்கு அது முதல் தேர்தல்.

அந்த முதல் தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றவர் ஆந்த்ரோத் தீவின் படநாத முகம்மது சயீத். 1941 மே மாதம் பிறந்தவர். வேட்பாளராக நிற்கத் தேவையான 25 வயது நிறைந்து ஓராண்டு ஆகவில்லை. 1961 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள்தொகை 24,108. அப்போது ஓட்டுரிமை வயது 21 வேறு. எத்தனை பேர் பட்டியலில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு வேட்பாளர் நினைத்தால் எல்லா வாக்காளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்டிருக்க முடியும்.

1971-ல் காங்கிரஸ் வேட்பாளராகப் போட்டியே இல்லாமல் தேர்வானார். பிறகு 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 1998, 1999. டெல்லியில் ஜனதா வந்தது, போனது, வி.பி. சிங் வந்தார், வாஜ்பாய் வந்தார். ஆந்த்ரோத்காரர் மட்டும் தன் இடத்தில் அப்படியே இருந்தார். நரசிம்ம ராவ் அரசில் இணை அமைச்சர், 1998 டிசம்பரில் துணை சபாநாயகர், 1999 அக்டோபரிலிருந்து மறுபடியும் அதே பதவி.

இப்படி ஒரு தொடர்ச்சிக்குக் காங்கிரஸ் அலை காரணம் என்று சொன்னால் அது மேம்போக்கான பதில். முதல் வெற்றியே சுயேச்சையாக வந்தது என்பதை மறக்கக் கூடாது. கட்சி அவரைத் தீவுக்குக் கொண்டுவரவில்லை. அவர்தான் கட்சியைத் தீவுக்குக் கொண்டுபோனார்.

யார் நிற்கலாம்?

இந்தத் தொகுதியின் விசித்திரமான விதி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பொதுவாக இந்தியாவில் மக்களவைக்கு நிற்க, நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். கன்னியாகுமரிக்காரர் காஷ்மீரில் நிற்கலாம். தனித் தொகுதிகளிலும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்திலிருந்து வந்து நிற்பதற்கு வழி உண்டு. லட்சத்தீவு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் நான்காவது பிரிவு, இந்தத் தொகுதியில் நிற்பவர் அந்தத் தீவுகளின் பழங்குடியாகவும் அதே தொகுதியின் வாக்காளராகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே டெல்லியிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ ஒரு நட்சத்திர வேட்பாளரை இறக்குமதி செய்ய முடியாது.

சரி, தீவின் பழங்குடி யார்? இங்கே சாதிப் பெயரோ குலப் பெயரோ பட்டியலில் இல்லை. தானும் தன் தாய், தந்தை இருவரும் இந்தத் தீவுகளில் பிறந்திருந்தால் பழங்குடி, அவ்வளவுதான். மக்களில் 96 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள், ஏறத்தாழ 95 சதவீதம் பழங்குடியினர். மதம் பார்க்காமல் பிறந்த மண்ணைப் பார்க்கும் பழங்குடிப் பட்டியல்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. பிரசவத்தில் கொஞ்சம் பிரச்சினை என்றாலும் கர்ப்பிணியைக் கோழிக்கோட்டுக்கோ கொச்சிக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும். அங்கே பிறந்த குழந்தை, எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், பழங்குடி ஆகாது. ஆஸ்பத்திரி எந்தக் கரையில் இருந்தது என்பதை வைத்து ஒருவரின் கல்வி இடஒதுக்கீடும் தேர்தலில் நிற்கும் தகுதியும் தீர்மானமாகும் நிலை. 2008-ல்தான் சட்டத்தைத் திருத்தி, பெருநிலத்தில் பிறந்தாலும் தீவில் நிரந்தரமாகக் குடியிருந்தால் தீவில் பிறந்ததாகவே கொள்ளலாம் என்று சேர்த்தார்கள்.

வெளியாள் நிற்க முடியாது என்பது மட்டுமில்லை; உள்ளே வருவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். 2021-ல் கேரளத்து எம்.பி.க்கள் சிலர் தீவுக்குப் போகக் கேட்டபோது நிர்வாகம் மறுத்துவிட்டது. பெருநிலத்தில் தேர்தல் என்றால் நம் கண்ணில் தெரியும் பேச்சாளர் படை, வண்டிகள், கொடிக் கூட்டம் எல்லாம் இங்கே கடலைத் தாண்டி வருவதற்குள் சுருங்கிப்போய்விடும்.

ஆனால் செலவுக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 2022-ல் தேர்தல் ஆணையம் உயர்த்திய வரம்பின்படி இங்கே ஒரு வேட்பாளர் 75 லட்சம் ரூபாய் வரை செலவிடலாம். வாக்காளர் தலைக்குச் சுமார் 130 ரூபாய். மல்காஜ்கிரியில் வரம்பு 95 லட்சம். தலைக்கு இரண்டரை ரூபாய். தொகுதி மேம்பாட்டு நிதியும் இப்படித்தான். ஆண்டுக்கு 5 கோடி என்பது எல்லா எம்.பி.க்கும் ஒன்றுதான். 2011 மக்கள்தொகையை வைத்து வகுத்தால் லட்சத்தீவில் ஆளுக்கு 775 ரூபாய். இருபத்தைந்து லட்சம் பேர் வாழும் ஒரு தொகுதியில் அது இருபது ரூபாய்.

தறவாடு, தீவு, கட்சி

தீவுகளில் சொந்தம் தாய்வழியாகப் போகிறது. தறவாடு என்பது தாய்வழிக் கூட்டுக் குடும்பம். முஸ்லிம்களாக இருந்தும் மருமக்கள்தாயம் என்ற இந்தத் தாய்வழி முறை இங்கே நின்று நிலைத்தது. பழைய வழக்கப்படி ஆண் கல்யாணத்துக்குப் பிறகும் தன் தாய் வீட்டு உறுப்பினன்தான். மனைவி வீட்டுக்கு இரவில் போய் வருவான். இதனால் ஓர் ஆளுக்கு இரண்டு வீட்டுக் கடமை உண்டு: பிறந்த தறவாட்டின் கௌரவம் ஒரு பக்கம், மனைவி, பிள்ளைகள் இருக்கும் தறவாடு இன்னொரு பக்கம். இரண்டும் வெவ்வேறு முகாமில் இருந்தால் தேர்தல் காலம் அவனுக்குச் சுகமாக இராது.

இதற்கு மேல் ஆந்த்ரோத், அமினி, கவரத்தி, கல்பேனி போன்ற தீவுகளில் கோயா, மால்மி, மேலாச்சேரி என்ற பழைய அடுக்கு இருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள், கப்பல் ஓட்டியவர்கள், தென்னை ஏறியவர்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மினிக்காய் தனி உலகம். அங்கே பேசுவது மலையாளத்தின் கிளையான ஜெசரி இல்லை, மாலத்தீவின் திவெஹியோடு சேர்ந்த மஹல், எழுத்தும் வேறு, மூப்பன் தலைமையில் ஊர் ஊராகப் பிரிந்த சமூகம். ஆந்த்ரோத்தில் எடுபடும் பேச்சு மினிக்காயில் எடுபடும் என்று எந்த வேட்பாளரும் நம்பிப் போக முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் அகில இந்தியக் கட்சி என்ன செய்யும்? பெயர் கொடுக்கும், சின்னம் கொடுக்கும். அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. சயீதுக்கு எதிரான முகாம் எந்தெந்தக் கொடியின் கீழ் நின்றது என்று பாருங்கள். 2004-ல் பூக்குஞ்ஞிக் கோயா வென்றது ஐக்கிய ஜனதா தளத்தில். பீகாரில் வேர்விட்ட கட்சிக்கு அரபிக் கடல் தீவில் என்ன வேலை? 2009-ல் அதே கோயா தேசியவாத காங்கிரஸில் நின்றார். அது மராட்டியத்துக் கட்சி. 2014-லும் 2019-லும் அந்தக் கட்சியின் பெயரில் ஆந்த்ரோத்தைச் சேர்ந்த முகம்மது பைசல் வென்றார். 2023-ல் கட்சி இரண்டாக உடைந்தபோது பைசல் சரத் பவார் பக்கம் நின்றார். கப்பல் மாறியது, ஏறியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

டெல்லியில் கூட்டணி, தீவில் குத்துச்சண்டை என்பதும் இங்கே வாடிக்கை. 2009-லும் 2014-லும் காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் மத்தியில் ஒரே அரசில் அமைச்சர் பதவிகளைப் பகிர்ந்துகொண்டிருந்தன. 2024-ல் இரண்டும் இந்தியா கூட்டணி. லட்சத்தீவில் மட்டும் மூன்று முறையும் நேருக்கு நேர். கூட்டணித் தர்மம் பேசி யாராவது விலகியிருந்தால் இங்கே தேர்தலே நடந்திருக்காது, ஏனென்றால் மூன்றாவதாகப் பேரைச் சொல்லும்படி ஆள் இல்லை.

மற்றவர்களின் கதியை ஓர் எண் காட்டும். 2019-ல் நாடெங்கும் 303 இடம் வென்ற பாஜக, லட்சத்தீவில் பெற்ற வாக்கு 125. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி தீவுக்கு வந்து கடலில் மூழ்கிப் பார்த்த படங்கள் வெளியாகி, மாலத்தீவோடு பெரிய வாய்ச்சண்டையே நடந்தது. சமூக ஊடகம் முழுக்க லட்சத்தீவு. மூன்று மாதம் கழித்துத் தேர்தல் வந்தபோது பாஜக தானே நிற்காமல் அஜித் பவார் அணியின் வேட்பாளரை ஆதரித்தது. பழைய கட்சிப் பெயர் அந்த அணியிடம்தான் இருந்தது. கிடைத்த வாக்கு 201.

மகன், மறுபடி மகன்

2004-ல் தோற்ற சயீதைக் காங்கிரஸ் கைவிடவில்லை. மன்மோகன் சிங் அமைச்சரவையில் மின்துறை அமைச்சர் ஆக்கி, டெல்லியிலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பியது. 71 ஓட்டில் தோற்றவர் அதே மாதம் கேபினட் அமைச்சர்! 2005 டிசம்பரில் தென் கொரியாவின் சியோலில் காலமானார்.

2009-ல் அவர் மகன் முகம்மது ஹம்துல்லா சயீத் நின்று, தந்தையை வென்ற பூக்குஞ்ஞிக் கோயாவை 2,198 வாக்கில் தோற்கடித்தார். அந்த அவையின் மிக இளைய உறுப்பினர்களில் ஒருவர். 2014-ல் பைசலிடம் 1,535 வாக்கில் தோற்றார். 2019-ல் மறுபடியும் இருவரும் மோதினார்கள்: பைசல் 22,851, ஹம்துல்லா 22,028. வித்தியாசம் 823. 2024-ல் மூன்றாவது முறை. ஹம்துல்லா 25,726, பைசல் 23,079. இப்போது 2,647 வாக்கு வித்தியாசத்தில் ஹம்துல்லா.

2004 முதல் 2024 வரை ஐந்து தேர்தல். மிகப் பெரிய வித்தியாசமே மூவாயிரத்தைத் தொடவில்லை. நான்கு முறை பதவியில் இருந்தவர் தோற்றிருக்கிறார். 2004-க்கு முன்பு ஒரே ஆள் பத்து முறை; அதற்குப் பின் தராசு முள் நடுவிலேயே ஆடுகிறது. ஒரே தொகுதி, ஒரே மக்கள்தான். எனக்குத் தோன்றுவது இது: மூத்த சயீத் இருந்தவரை எதிர்முகாமில் இருந்தவர்களுக்கு ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்திருக்காது. 71 வாக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது. அதற்குப் பிறகு தீவு இரண்டு பாதியாகவே ஓட்டுப் போடுகிறது.

இவ்வளவு இறுக்கமான போட்டியில் ஒவ்வொரு ஓட்டும் தேடிப் பிடிக்கப்படும். வாக்குப்பதிவு 85 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். படிக்கவும் வேலைக்கும் கோழிக்கோடு, கொச்சி, மங்களூரு என்று போனவர்கள் ஓட்டுப் போட ஊர் திரும்ப வேண்டும் என்றால் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும். பேருந்தில் தொங்கிக்கொண்டாவது ஊருக்குப் போய்ச் சேரலாம் என்பது இங்கே நடக்காது. கப்பல் எந்தத் தேதியில் எந்தத் தீவைத் தொடும், எத்தனை இருக்கை என்பதே ஒரு தேர்தல் விவகாரம். பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி வராது. பவளத் திட்டுக்கு வெளியே நிற்கும். ஆடும் கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, மேலும் கீழும் போய்வரும் சிறு படகுக்குக் கைபிடித்து இறக்குவார்கள். கைக்குழந்தையோ பெட்டியோ முதலில் போகும், ஆள் அப்புறம். ஓட்டுப் போட வருகிறவரும் வாக்குச்சாவடிக்குப் போகும் அதிகாரியும் இதே கதவு வழியாகத்தான்.

ஒரே எம்.பி., இரண்டு தகுதிநீக்கம்

2023-ல் இந்தச் சின்னத் தொகுதி நாடு முழுவதும் சட்டப் பாடம் ஆனது. 2009 தேர்தல் சமயத்தில் எதிர்முகாமைச் சேர்ந்த ஒருவரைக் கொல்ல முயன்றதாகப் போடப்பட்ட வழக்கில், 2023 ஜனவரி 11-ல் கவரத்தி நீதிமன்றம் பைசல் உள்ளிட்ட நால்வருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றால் உறுப்பினர் பதவி உடனே போய்விடும். மேல்முறையீடு செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முன்பு இருந்த சலுகையை 2013-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது.

அப்புறம் நடந்த வேகத்தைப் பாருங்கள். ஜனவரி 13-ல் மக்களவைச் செயலகம் தகுதிநீக்க அறிவிப்பு வெளியிட்டது. 18-ல் தேர்தல் ஆணையம் பிப்ரவரி 27 இடைத்தேர்தல் என்று தேதியே குறித்துவிட்டது. 25-ல் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையோடு குற்றத் தீர்ப்பையும் நிறுத்திவைத்தது. ஆணையம் தேர்தலைத் தள்ளிவைத்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரு தொகுதி காலியாகி, தேர்தல் அறிவிக்கப்பட்டு, பிறகு காலி இல்லை என்றும் ஆகிவிட்டது.

ஆனால் இருக்கையைத் திருப்பிக் கொடுப்பதில் அந்த வேகம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகியும் செயலகம் அசையவில்லை. பைசல் உச்ச நீதிமன்றம் போனார். மார்ச் 29-ல் வழக்கு விசாரணைக்கு வர இருந்த அன்று காலைதான் பதவி திரும்பக் கிடைத்தது. எடுக்க இரண்டு நாள், கொடுக்க இரண்டு மாதம். அந்த வாரம் இது எல்லோர் கவனத்துக்கும் வரக் காரணம், ஐந்து நாள் முன்பு மார்ச் 24-ல் வயநாடு எம்.பி. ராகுல் காந்தி தகுதிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருக்கு என்ன வழி என்று கேட்டவர்கள் எல்லாம் லட்சத்தீவைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்தச் சொன்ன காரணங்களில் ஒன்று சுவாரசியமானது: அவையின் காலம் முடிய ஒன்றரை ஆண்டுகூட இல்லாதபோது இடைத்தேர்தலுக்கு ஆகும் பெரும் செலவு. தீவுகளுக்கு அது பொருத்தமான கவலை போலத்தான் தெரியும். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 22-ல், எம்.பி. என்பதையும் தேர்தல் செலவையும் வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி மறுபடி விசாரிக்க அனுப்பியது. அக்டோபர் 3-ல் உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தது. மறுநாளே இரண்டாம் தகுதிநீக்கம். 9-ல் உச்ச நீதிமன்றம் தடை. நவம்பர் 2-ல் பதவி மீண்டும். ஒரே அவைக் காலத்தில் இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தவர்.

மற்ற தொகுதியில் எம்.பி. பதவி போனால் எம்.எல்.ஏ.க்கள் இருப்பார்கள், மாநில அமைச்சர்கள் இருப்பார்கள். இங்கே அந்த நாற்காலி காலியானால் தீவுகளுக்காகச் சட்டம் செய்யும் அவை எதிலும் ஒரு ஆள்கூட இல்லை.

நிர்வாகியும் எம்.பி.யும்

இதன் பொருள் 2021-ல் தெரிந்தது. 2020 டிசம்பரில் பொறுப்பேற்ற நிர்வாகி பிரபுல் கோடா படேல், குஜராத்தில் அமைச்சராக இருந்த அரசியல்வாதி. பொதுவாக அதிகாரிகள் வந்து போன பதவி அது. வந்த சில மாதங்களில் அடுக்கடுக்காக வரைவு விதிகள் வெளியாயின. வளர்ச்சித் திட்டத்துக்காக நிலத்தை எடுக்க அதிகாரம், குற்றமே அபூர்வமான தீவுக்குக் குண்டர் சட்டம், இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கத் தடை, மாட்டிறைச்சிக்குத் தடை. யூனியன் பிரதேசத்துக்கான விதிகளை அரசமைப்பின் 240-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பெயரிலேயே பிறப்பிக்க முடியும். சட்டமன்ற விவாதம் என்று ஒன்று அங்கே கிடையாது.

எதிர்ப்பு கிளம்பியது. மே 31-ல் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜூன் 7-ல் தீவுக்காரர்கள் அவரவர் வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஊரடங்குக் காலம், தெருவில் கூட முடியாது. எம்.பி. பைசல் உள்துறை அமைச்சரைப் பார்த்து மனு கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான். தோற்ற ஹம்துல்லாவும் அதே பக்கத்தில்தான் இருந்தார். ஒருவரையொருவர் எண்ணூறு ஓட்டில் வென்றும் தோற்றும் கொண்டிருந்த இரண்டு முகாமும், முக்கியமான விஷயத்தில் ஒரே பேச்சுப் பேசின. அதற்கும் ஓட்டுக்கும் தொடர்பே இல்லாத இடத்தில் முடிவு எடுக்கப்பட்டது.

2024 ஏப்ரல் 19-ல், முதல் கட்டத்திலேயே, தமிழ்நாடு வாக்களித்த அதே நாளில் லட்சத்தீவும் வாக்களித்தது. வேட்பாளர்கள் நான்கே பேர். ஹம்துல்லா வென்று பத்தாண்டுக்குப் பின் மக்களவைக்குத் திரும்பினார்.

2025 ஜூலையில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பித்ரா தீவு முழுவதையும் பாதுகாப்புத் தேவைக்காக எடுத்துக்கொள்வது பற்றிச் சமூகத் தாக்க ஆய்வு நடக்கும் என்று. அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள், ஹம்துல்லா சயீதும் எதிர்த்தார். ஒரு தீவையே காலி செய்யும் பேச்சில், பித்ராவின் வாக்காளர்களுக்கு டெல்லியில் எழுந்து பேச இருக்கும் ஒரே ஆள் அவர். அவர் தந்தை அந்த இடத்தை இழந்தபோது வித்தியாசம், பித்ராவின் மொத்தச் சனத்தில் கால்வாசி.